பிள்ளைகள் இல்லாத ஊருக்கு வந்த ஆசிரியை

1653ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் நடுப்பகுதி. குளிர் தொடங்கிவிட்ட நேரம். இன்று மொன்றியல் என்று நாம் அழைக்கும் தீவில் அப்போது வில்-மரி என்ற பெயரில் ஒரு சிறிய குடியிருப்பு மட்டுமே இருந்தது. அங்கே முப்பத்துமூன்று வயதுப் பெண்ணொருவர் வந்து இறங்கினார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒருவர் வேண்டும் என்று கேட்கப்பட்டதால் பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்தவர் அவர். வந்து பார்த்தபோது படிப்பிக்கப் பிள்ளைகள் இருக்கவில்லை. அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் பல வருடங்களாகத் தங்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டிய பிள்ளையென்று ஒன்றுகூட இல்லை.

அவர் திரும்பிப் போகவில்லை. நாலரை வருடம் காத்திருந்தார். அவருடைய பெயர் மார்கரீத் பூர்ஜுவா. மொன்றியலின் முதல் ஆசிரியை. 1982ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கனடாவின் முதற் பெண் புனிதர் அவர்தான்.

அவருடைய கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இங்குள்ள தேவாலயங்களும் கல்லூரிகளும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை வறிய நாடுகளுக்குத் தொண்டுப் பயணம் அனுப்புகின்றன. இரண்டு கிழமை, மூன்று கிழமை. அங்குள்ள சிறுவர்களோடு விளையாடுவது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, சுவருக்கு வர்ணம் பூசுவது, படமெடுத்துக்கொண்டு திரும்புவது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். அனுப்பும்போது பெற்றோரின் மனதில் பெருமையும் இருக்கும், ஒரு சின்னக் கேள்வியும் இருக்கும். இதனால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? மார்கரீத்தின் வாழ்க்கையைப் படித்தால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும். அது முழுவதும் இனிப்பான பதிலாக இருக்காது. அந்தப் பதிலின் கசப்பான பாதி, எம்மவர் பலர் வாழும் மொன்றியல் நகரின் வடக்கு ஓரத்தில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியின் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே பிறகு வருவோம்.

மெழுகுதிரி செய்பவரின் மகள்

மார்கரீத் 1620ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, பிரான்சின் ஷம்பாஞ் மாகாணத்திலுள்ள துறுவா நகரில் பிறந்தார். தகப்பன் ஏப்ரகாம் பூர்ஜுவா மெழுகுதிரி செய்து விற்பவர். அந்த ஊர் நாணயச் சாலையிலும் வேலை பார்த்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். மார்கரீத்துக்குப் பதினெட்டு வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனார். வீட்டுப் பொறுப்பில் ஒரு பங்கு அவர் தலையில் விழுந்தது.

இருபது வயதுவரை அவர் தனியான பக்தி எதுவும் காட்டியதாகத் தெரியவில்லை. நல்ல உடுப்பு உடுத்த விரும்பும், சிநேகிதிகளோடு சிரித்துக் கதைக்கும் சாதாரணப் பெண்ணாகத்தான் இருந்தார். 1640ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் செபமாலைத் திருநாள் ஊர்வலமொன்றில் போகும்போது, தேவாலய வாசலுக்கு மேலிருந்த மாதா சிலையை நிமிர்ந்து பார்த்தார். நாள்தோறும் பார்த்துப் பழகிய சிலைதான். அன்று ஏதோ ஒன்று அவரை ஆழமாகத் தொட்டது. அதன்பின் உடுப்பிலும் பேச்சிலும் எளிமைக்கு மாறினார்.

துறுவாவில் கன்னியர் மடமொன்று இருந்தது. மடத்துக்குள் போன சகோதரிகள் அந்தக் கால வழக்கப்படி வெளியே வரக்கூடாது. வெளியே இருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க, மடத்தோடு சேர்ந்து இயங்கும் இளம்பெண்களின் குழுவொன்று இருந்தது. மார்கரீத் அதில் சேர்ந்து பத்து வருடங்களுக்கு மேல் நகரத்தின் வறிய தெருக்களில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

அந்தக் குழுவை நடத்திய சகோதரியின் உடன்பிறந்தவர்தான் போல் த ஷொமெடே த மேசொன்னெவ். 1642இல் வில்-மரியை நிறுவி ஆளுநராக இருந்தவர். 1652இல் ஊருக்கு ஆள் சேர்க்கப் பிரான்சுக்கு வந்தவர் துறுவாவுக்கும் வந்தார். மடத்துச் சகோதரிகள் தாங்களும் வருகிறோம் என்றார்கள். அவரோ மறுத்துவிட்டார். மூடிய மடம் ஒன்றைத் தாங்க அந்தக் குடியிருப்புக்கு வசதியில்லை. வெளியே நடமாடி, எந்த வேலையும் செய்யக்கூடிய ஒருவரே அவருக்குத் தேவைப்பட்டார். அந்தச் சகோதரியும் மடமும் மார்கரீத்தைக் காட்டினார்கள்.

தகப்பனும் ஒரு வருடத்துக்கு முன்பு இறந்திருந்தார். தன் பங்குச் சொத்தை விட்டுக்கொடுத்தார், கையிலிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார், ஒரு சிறிய மூட்டையோடு 1653 பெப்ரவரியில் துறுவாவை விட்டுப் புறப்பட்டார். ஆண்களோடு தனியே பயணம் செய்யும் பெண் என்பதால் வழியில் விடுதிகளில் அவமானமும் பட்டார். எங்கள் பெண்கள் பலர் ஏஜென்சிக்காரரை நம்பித் தனியே எல்லை கடந்து வந்தவர்கள். அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கப்பலும் தொழுவமும்

சென்-நிக்கொலா என்ற கப்பல் ஜூன் மாதத்தில் புறப்பட்டது. நூறு பேர் மட்டில் ஆண்கள், வில்-மரியைக் காக்கவும் கட்டவும் கூலிக்கு ஒப்பந்தமானவர்கள், அதில் இருந்தார்கள். கப்பலில் தண்ணீர் புகுந்ததால் கரைக்குத் திரும்பவேண்டி வந்தது. சரிசெய்து, ஜூலை 20ஆம் திகதி மறுபடியும் புறப்பட்டார்கள். நடுக்கடலில் நோய் பரவியது. எட்டுப் பேர் இறந்தார்கள். நோயாளிகளைப் பார்த்ததும், எழுத்தறியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் மார்கரீத்தான். செப்ரெம்பர் 22ஆம் திகதி கியூபெக்கை அடைந்தார்கள். மொன்றியலுக்கு வர இன்னும் இரண்டு மாதம் எடுத்தது.

வந்த இடத்தில் பிள்ளைகள் இல்லை என்றதும் அவர் செய்தது என்ன? ஆளுநரின் வீட்டைப் பார்த்துக்கொண்டார். கூலிக்கு வந்த ஆண்களின் உடுப்பைத் தைத்தார், தோய்த்தார். நோயாளிகளைப் பார்த்தார். குளிரில் நடுங்கியவர்களுக்குத் தன் மெத்தையையும் போர்வையையும் கொடுத்துவிட்டு வெறும் தரையில் படுத்தார். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துக் காட்டினார். நோத்ர-டாம்-த-பொன்-செகூர் என்ற மாதா கோயிலைக் கட்ட ஊராரைக் கூட்டிக் கல் சுமக்க வைத்தார். இன்று பழைய துறைமுகத்துக்கு முன்னால் நிற்கும் அந்தக் கோயில் 1771இல் பழைய அத்திவாரத்தின்மேல் மீண்டும் எழுப்பப்பட்டது. அவருடைய எச்சங்கள் 2005இலிருந்து அங்கேதான் இருக்கின்றன.

ஆசிரியையாக வந்தவர் வேலைக்காரியாக இருந்த இந்த நாலரை வருடங்களைப் பலர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் வாழ்க்கையின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தான் கொடுக்க நினைத்ததை ஊர் வாங்கும் நிலையில் இல்லை என்று கண்டபோது, ஊருக்குத் தேவையானதைச் செய்தார். அப்படிச் செய்துகொண்டே அந்த ஊரின் ஆளாக மாறினார். பிள்ளைகள் வளர்ந்து வந்தபோது, தாய்மாருக்கு அவர் அந்நியராக இருக்கவில்லை.

1658 ஜனவரியில் ஆளுநர் அவருக்கு ஒரு கல் மாட்டுத்தொழுவத்தைக் கொடுத்தார். 36 அடி நீளம், 18 அடி அகலம். சுத்தம் செய்து, மேலே பரணில் படுக்க இடம் ஒதுக்கி, ஏப்ரல் 30ஆம் திகதி பள்ளிக்கூடத்தைத் திறந்தார். பரணுக்கு ஏற வெளியே ஓர் ஏணி. மொன்றியலின் முதற் பள்ளிக்கூடம் அதுதான். வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், சமயம். கட்டணம் இல்லை. பிள்ளைகளை அடிப்பதை அவர் விரும்பவில்லை. தண்டனை மிக அரிதாகவும் அளவோடும் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தத் தீவில் உயிர்தப்பி வளர்ந்த முதல் பிள்ளைகளில் ஒருவரான ஜான் லுவாசெல் என்ற சிறுமி, நாலரை வயதில் அவரிடம் வந்து, கலியாணம் முடிக்கும்வரை அவரோடு வளர்ந்தாள்.

அதே வருடம் துணைக்கு ஆள் தேடிப் பிரான்சுக்குப் போனார். மருத்துவமனையை நடத்திய ஜான் மான்ஸ், கையொடிந்து வைத்தியத்துக்குப் போனபோது அவரோடு சேர்ந்து போன பயணம் அது. துறுவாவிலிருந்து மூன்று பெண்கள், பாரிசில் இன்னொருவர் என நான்கு பேர் வரச் சம்மதித்தார்கள். அங்கே எதைத் தின்று வாழ்வீர்கள் என்று ஒரு தகப்பன் கேட்டபோது, பாணும் சூப்பும் உண்டு, மிச்சத்தைக் கையால் உழைத்துக்கொள்வோம் என்ற அளவில்தான் அவரால் உறுதி சொல்ல முடிந்தது. வாழ்நாள் முழுவதும் அது அப்படியே இருந்தது. பகலில் படிப்பித்தார்கள், இரவில் மற்றவர்களுக்குத் தைத்துப் பிழைத்தார்கள். படிப்பித்ததற்குக் காசு வாங்கவில்லை.

1663 முதல் 1673 வரை பிரான்ஸ் மன்னர், குடியேறிகளைக் கலியாணம் முடிக்க எண்ணூறு பெண்கள் மட்டில் அனுப்பினார். அவர்களில் மொன்றியலுக்கு வந்தவர்களை மார்கரீத் ஆற்றங்கரைக்கே போய் வரவேற்றுத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். சமையல், தையல், குளிர்காலத்தைச் சமாளிக்கும் வழி எல்லாம் அங்கே பழகினார்கள். 1668இல் அவர் புவன்-சென்-ஷார்லில் வாங்கிய பண்ணை இன்று மேசோன் சென்-காப்ரியேல் என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது. அறியாத ஆளைக் கலியாணம் முடிக்க விமானத்தில் வந்து இறங்கிய எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வீடு கிடைத்தது என்ற எண்ணம், அங்கே நிற்கும்போது வராமல் இருக்காது.

மூடிய கதவை மறுத்தவர்

மார்கரீத்தின் சகோதரிகள் கதவுக்குப் பின்னால் இருக்க மறுத்தார்கள். பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே போவது அவர்கள் வழி. நடந்தும், குதிரையிலும், வள்ளத்திலும் போனார்கள். அக்காலத் திருச்சபைக்கு இது புதிது. 1671இல் பதினான்காம் லூயி மன்னரின் அனுமதி கிடைத்தது. 1676இல் ஆயர் லவால் சபையை ஏற்றுக்கொண்டார். ஆனால் சட்டதிட்டத்தை முழுமையாக அங்கீகரிக்க இன்னும் இருபத்திரண்டு வருடம் எடுத்தது. அடுத்து வந்த ஆயர் சென்-வலியே, அவர்களை மூடிய மடத்தின் விதிகளுக்குள் கொண்டுவர முயன்றார். மார்கரீத் சண்டை பிடிக்கவில்லை, இணங்கவுமில்லை. 1689இல், அறுபத்தொன்பது வயதில், ஆயர் அழைத்தார் என்று மொன்றியலிலிருந்து கியூபெக் வரை பனிக்கும் சேற்றுக்கும் நடுவே நடந்தே போனார்.

1683 டிசெம்பரில் ஓர் இரவு சபையின் வீடு எரிந்தது. இரண்டு சகோதரிகள் இறந்தார்கள். அதில் ஒருவர் மார்கரீத்தின் சொந்தப் பெறாமகள். அதன்பின் வேறொரு சபையோடு இணைந்துவிடும்படி யோசனை வந்தபோது, சாம்பலிலிருந்து மறுபடியும் கட்டுவதையே அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். 1698 ஜூலை 1ஆம் திகதி, தாங்கள் கேட்ட வழியிலேயே அங்கீகாரம் பெற்று உறுதிமொழி எடுத்தார்கள். அப்போது மார்கரீத்துக்கு எழுபத்தெட்டு வயது. அந்த நேரத்துக்குள் அத்திலாந்திக் சமுத்திரத்தை ஏழு தடவை கடந்திருந்தார்.

ஆற்றங்கரை

இனி அஹுன்ட்சிக்கின் ஆற்றங்கரைக்கு வருவோம். ஹென்றி-பூராசா மெட்ரோவில் இறங்கி, குவேன் வீதியில் கிழக்குப் பக்கமாக நடந்தால் சோ-ஓ-ரெக்கொலே என்ற பழைய கிராமப் பகுதி வரும். ஆற்றோரம் இரண்டு கோபுரங்களோடு விசித்தாசியோன் தேவாலயம் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது. மொன்றியலில் இன்றும் நிற்கும் தேவாலயங்களில் மிகப் பழையது. 1625இல் இந்த ஆற்றின் நீர்ப்பாய்ச்சலில் மூழ்கி இறந்த ரெக்கொலே துறவி நிக்கொலா வியேலின் நினைவாகவே கிராமத்துக்கு அந்தப் பெயர். அவரோடு மூழ்கிய இளைஞனின் பெயர்தான் அஹுன்ட்சிக்.

இந்தக் கரையில்தான் 1696இலிருந்து சுல்பீசியன் குருக்களின் மிஷன் ஒன்று இருந்தது. மோஹாக், ஹியூரோன், அல்கொன்கின் முதலிய பூர்வகுடிக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்கள் முன்பு இருந்தது மொன்-றோயால் மலையடிவாரத்தில். அந்த மலை மிஷனில் மார்கரீத்தின் சகோதரிகள் முதலில் மரப்பட்டைக் குடிசைகளிலும், பிறகு கற்கோபுரமொன்றிலும் பூர்வகுடிச் சிறுமிகளுக்குப் படிப்பித்தார்கள். ஷெர்புரூக் வீதியில் அக்கோட்டையின் இரண்டு கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. நகரத்துச் சாராயத்திலிருந்து மக்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்று சொல்லி, குருக்கள் மிஷனைச் சிறிது சிறிதாக இந்த வடக்கு ஆற்றங்கரைக்கு மாற்றினார்கள். சகோதரிகளின் பள்ளிக்கூடமும் பிள்ளைகளோடு பின்னால் வந்தது.

மார்கரீத் பூர்வகுடிப் பிள்ளைகளை நேசித்தார் என்பதில் சந்தேகமில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய அதே 1658இல், மாதக்கணக்கே ஆன இரொக்குவாக் குழந்தையொன்றை எடுத்து வளர்த்தார். மரி-தே-நேஜ், அதாவது பனியின் மரியா, என்று பெயர் வைத்தார்கள். ஆறு வயது நிறையுமுன்னரே அந்தக் குழந்தை இறந்துவிட்டது. மலை மிஷனில் படித்த கன்னென்சகுவாஸ் என்ற பெண் மரி-தெரேஸ் என்ற பெயரோடு தானும் அங்கே ஆசிரியையாகி 1695இல் இறந்தார். பூர்வகுடிப் பெண்ணொருவரைத் தங்களுக்குச் சமமாக ஆசிரியையாக ஏற்பதற்கு அந்தக் காலத்தில் பெரிய மனம் வேண்டும்.

ஆனால் அந்தப் பெயர் மாற்றத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். எங்களுக்கு இது புதிதல்ல. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1824இல் உடுவிலில் தொடங்கிய மகளிர் விடுதிப் பாடசாலையை ஹரியற் வின்ஸ்லோ நடத்தினார். பெண்பிள்ளைகள் எழுத்துப் படிப்பது அரிதாக இருந்த ஊரில் அது பெரிய காரியம். சாப்பாடும் உடுப்பும் கொடுத்துப் படிப்பித்தார்கள். அதேவேளை விடுதியில் சேர்ந்த பல பிள்ளைகளுக்கு, காசு அனுப்பிய அமெரிக்கக் கொடையாளிகளின் பெயரை வைத்தார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்மாரின் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் ஆங்கிலப் பெயர்களில் சில அப்படி வந்தவை. எங்களுக்குக் கல்வி கிடைத்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. இரண்டும் உண்மை.

இங்கேயும் அப்படித்தான். 1660களில் பிரான்ஸ் மன்னரும் அவருடைய அமைச்சர் கொல்பேரும், பூர்வகுடிப் பிள்ளைகளை மொழியாலும் பழக்கத்தாலும் பிரெஞ்சுக்காரர் ஆக்கவேண்டும் என்று மிஷன்களை நெருக்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மொழி இருந்தது, பாட்டு இருந்தது, சொந்தப் பெயர் இருந்தது. அவற்றின் பெறுமதி என்ன என்று அரசவையில் யாரும் கேட்கவில்லை. மலை மிஷனின் பள்ளிக்கூடம் அந்தக் குடும்பங்கள் வாழ்ந்த இடத்திலேயே இருந்தது. பிற்காலத்துக் கனேடிய வதிவிடப் பாடசாலைகள் வேறு. 1,50,000 மட்டிலான பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட இடங்கள் அவை. அந்தப் பாவத்தை மார்கரீத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் நல்லது செய்ய வருகிறவருக்குப் பிள்ளையைவிட அதிகம் தெரியும் என்ற எண்ணம், இரண்டுக்கும் பொதுவாக ஓடியது என்பதை மறைக்கவும் முடியாது.

அஹுன்ட்சிக்கின் கரையில் அந்தக் குடும்பங்கள் நிலைக்கவும் விடப்படவில்லை. 1721இல் மிஷன் மறுபடியும் இடம்மாறியது. இந்தமுறை மேற்கே, ஓகா என்று நாம் அறிந்த கனேசதாகேக்கு. கால் நூற்றாண்டுக்குள் இரண்டாவது இடப்பெயர்வு. அங்கேயும் நிலம் குருக்களின் பெயரில் எழுதப்பட்டது. அந்த நிலம் யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1990இன் கோடையில் 78 நாட்கள் முதலில் பொலிசும் பிறகு இராணுவமும் மோஹாக் மக்களுக்கு எதிரே நின்றது அதனால்தான். எண்பதுகளில் இங்கே வந்த எம்மவருக்கு அந்தக் கோடை நினைவிருக்கும். மேர்சியே பாலம் மூடப்பட்டதும், தொலைக்காட்சியில் கவச வாகனங்களைக் கண்டதும், இதற்குத்தானே ஊரைவிட்டு ஓடிவந்தோம் என்று நெஞ்சு பதறியதும் மறக்காது. அந்தச் சண்டையின் வேர் எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில், குவேன் வீதியின் ஆற்றங்கரைக்கும் ஓடிவருகிறது என்பது அன்று எங்களில் பலருக்குத் தெரியாது.

கடைசி நாட்கள்

1693இல் மார்கரீத் தலைமைப் பொறுப்பை மரி பார்பியே என்ற இளையவரிடம் கையளித்துவிட்டார். 1699ஆம் ஆண்டின் கடைசி இரவில் இளம் சகோதரி ஒருவர் மரணப் படுக்கையில் இருந்தார். பிரயோசனமற்ற கிழவியான தன்னை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை விட்டுவிடும்படி மார்கரீத் கடவுளிடம் மன்றாடினார் என்று சொல்லப்படுகிறது. இளையவர் பிழைத்துக்கொண்டார். மார்கரீத்துக்குக் காய்ச்சல் வந்தது. 1700 ஜனவரி 12ஆம் திகதி, எண்பது வயதுக்கு மூன்று மாதம் இருக்க, இறந்தார்.

அவர் இறந்தவுடன் பியேர் லு பெர் என்ற இளைஞர் முகத்தைப் பார்த்து ஓவியம் வரைந்தார். பின்வந்த தலைமுறைகள் அதன்மேல் வர்ணம் பூசி, இன்னும் மென்மையான, சாந்தமான புனிதமுகம் ஒன்றை ஆக்கிவிட்டன. 1960களில் ஊடுகதிர்ப் படம் எடுத்து மேல்வர்ணத்தைச் சுரண்டியபோது, உள்ளே வேறொரு முகம் வந்தது. களைத்து, உழைத்துத் தேய்ந்த, உறுதியான கிழவியின் முகம். பொன்-செகூர் கோயிலோடு சேர்ந்த அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். எங்கள் ஊர் அப்பாச்சிமாரில் ஒருவரைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அவர் புனிதராக அறிவிக்கப்பட்டது 1982 ஒக்டோபர் 31ஆம் திகதி. அடுத்த யூலையில் கொழும்பு எரிந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கில் இங்கே வந்த எங்கள் குடும்பங்களின் பிள்ளைகள், 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டப்படி பிரெஞ்சுப் பாடசாலைகளின் வரவேற்பு வகுப்புகளில் போய் இருந்தார்கள். அஹுன்ட்சிக்கில் மார்கரீத்தின் சபை 1955இல் தொடங்கிய ரெஜினா அசும்ப்தா கல்லூரி இன்றும் நடக்கிறது. இந்த நகரத்தில் பிரெஞ்சு படித்த எந்தப் பிள்ளையின் வகுப்பறையையும் பின்னோக்கித் தேடிப்போனால், கடைசியில் அந்த மாட்டுத்தொழுவத்தில்தான் போய் நிற்கவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கும் அங்கே கல்வி கிடைத்தது. அவர்கள் பெயரையும் யாரோ ஒரு ரீச்சர் வாய்க்கு வசதியாகச் சுருக்கினார். வீட்டில் தமிழ் கதைப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதனால்தான் கற்பித்தவரின் நன்றியையும், கன்னென்சகுவாஸ் என்ற பெயரின் துயரத்தையும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொள்ள எங்களால் முடியும்.

தொண்டுப் பயணம் போகப் பிள்ளை கேட்டால் மறிக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை விசித்தாசியோன் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள். மார்கரீத்தின் கதையை முழுவதுமாகச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். உன்னை வரச்சொல்லிக் கேட்டது அந்த ஊரவரா, அல்லது இங்குள்ளவர்களா? நீ கொடுக்க நினைப்பது அங்கே தேவையில்லை என்று கண்டால், உடுப்புத் தோய்க்கவும் தண்ணீர் அள்ளவும் நீ தயாரா? அங்குள்ள பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொல்லவும், அவர்களுடைய மொழியில் பத்துச் சொல்லாவது பழகவும் உனக்கு நேரம் இருக்கிறதா?

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் மார்கரீத்திடம் நல்ல பதில் இருந்தது. மூன்றாவதை அவருடைய காலம் அவரிடம் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் நாம் கேட்கலாம்.

மார்கரீத்தின் திருநாள் ஜனவரி 12. தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி. அந்தக் குளிரில் பொன்-செகூர் கோயிலுக்குப் போய்ப் பழைய ஓவியத்தில் இருக்கும் அந்தக் கிழவியைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் பொங்கலுக்கு ஆயத்தம் செய்யலாம்.